முதல் திறப்பு

எது நல்ல கப் என்று கேட்கிறாய், கேதாரணி,
முற்பணக் காசைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு.
ஒட்டுசுட்டானில் இதை யாரிடமும் கேட்காதே.
எஞ்சினைப் பற்றி இங்கே எல்லோரும்
மருமகனைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள்:
றோட்டில் புகழ்ச்சி,
கராஜுக்குள் அழுகை.

குலநாதனின் ரொயோட்டா
முத்தையன்கட்டு ஏற்றத்தில் இருபது மூட்டை நெல்லோடு
மூச்சு வாங்காது. உண்மைதான்.
இஞ்செக்டர் நாலும் ஒரே மாதத்தில் போனபோது
இரண்டு பசுவை விற்றான்.
'எஞ்சின் சாகாது' என்கிறான் இன்றைக்கும்.
மாடுகளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பயஸின் மிற்சுபிசிக்கு ஏசி வேலை செய்யும்,
ஆகவே கலியாணங்களுக்குக் கேட்பார்கள்.
ஒரு வைகாசி வெயிலில் ஹெட் வெடித்து
ஒயிலும் தண்ணியும் கலந்து
பால்தேத்தண்ணி நிறத்தில் ஒழுகிற்று.
மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு
மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

என்னுடையது நிசான்.
எனக்கு முன் நாலு பேர் ஓடினார்கள்.
பின்பலகையில் இரண்டு துளை, ஒட்டிப் பூசியது;
எதனால் என்று இந்தப் பக்கத்தில் எவரும் கேட்பதில்லை.
எயர் ஃபில்டரைத் தட்டினால் விழுகிற கிரவல் புழுதியில்
ஒரு மிளகாய்க் கன்று நடலாம்.
கச்சான் ஏற்றுவதால் எலி வரும்,
கச்சானை விட்டுவிட்டு வயரைத் தின்னும்.
டீசல் முள் எப்போதும் 'பாதி' என்று பொய் சொல்லும்,
நான் பூவரசங் குச்சி விட்டு அளக்கிறேன்.
இடது கதவு வெளியே இருந்து மட்டும் திறக்கும்.
ஹீற்றர் எரிந்துபோய், கராஜ் சுகுணதாஸ்
சீற்றுக்கடியில் தனிச் சுவிச் வைத்துத் தந்தான்,
கோழிக்கூட்டு லைற்றுக்குப் போடுகிற சுவிச்.
அழுத்திப் பிடித்து இருபது எண்ண வேண்டும்.
மாரியென்றால் முப்பது.

நிமலரூபன் மட்டும் புதிது எடுத்தான், லீசிங்கில்.
சீற்றுப் பொலித்தீனைக் கழற்றவில்லை.
முதல் திறப்பிலேயே ஸ்ராட்.
கராஜ் வாசலையே காணாத அந்த வண்டி போகும்போது
சுகுணதாஸ் மற்றப் பக்கம் பார்த்துத் துப்புவான்.

அந்த மாரியில் கச்சான் நிலத்துக்குள்ளேயே முளைத்தது.
அவனுக்கு மூன்று தவணை பிந்திற்று.
எனக்கும்தான்:
கிணறு ஆழமாக்க நிசானின் புத்தகத்தை வைத்திருந்தேன்.

விடிய ஐந்தரைக்கு வந்தார்கள்,
மழைக்கோட்டுப் போட்ட மூன்று பேர், ஒரு கடிதம்.
நிமலரூபன் வீட்டில் ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.
முதல் திறப்பு.
நாய் குரைத்து முடிக்கமுன்
வண்டி ஒழுங்கையைத் தாண்டிவிட்டது.

பிறகு என் படலை.
நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை.
திறப்பைக் கையில் கொடுத்தேன்.
தேத்தண்ணி வேணுமோ என்றும் கேட்டேன்.
அடித்தான். அடித்தான்.
பற்றரி இருமி இருமி அடங்கிற்று.
தள்ளினார்கள், சேற்றில் ஒருவனின் செருப்பு போயிற்று.
'அக்கா, இது ஓடுறதோ?'
'சில நாள்' என்றேன்.
சுவிச்சைப் பற்றி அவன் கேட்கவில்லை.
'இயங்கு நிலையில் இல்லை' என்று எழுதி
என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

லொறியோடு திரும்பி வருவார்கள், தெரியும்.
அதற்குள் ஒரு தவணையாவது கட்ட வேண்டும்.
பின்னேரம் ரக்டர் பற்றரியில் வயர் போட்டு,
முப்பது எண்ணி,
கறுப்பாய் ஒரு புகை விட்டு எழும்பிற்று.
தப்பின கச்சான் பதினொரு மூட்டை.
ஏற்ற ஆள் இல்லை. நிமலரூபன் வந்தான்.

புதுக்குடியிருப்பு மட்டும் அவன் பேசவில்லை.
எஞ்சின் சத்தத்தில் பேசினாலும் கேட்டிராது.
சந்தையில் நிறுத்தி, இறங்கி,
மூட்டைக் கணக்குப் பார்த்து, விலை பேசி,
வெற்றிலை வாங்கித் திரும்பினால்
உள்ளே அப்படியே இருக்கிறான்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தபடி.

ஐயோ, கதவு.